வலது காதுக்கு மீடியம், இடது காதுக்கு ஸ்மால்

முண்டியம்பாக்கம் வந்துவிட்டது என்று மூக்கு சொல்கிறது. சர்க்கரை ஆலை வாடை. அரவை நடக்கிறது போல.

காதுக்கு ஊர் தெரியவில்லை. இரண்டும் அடைப்பில்.

எதிர் சீட்டில் இருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்கள். ஒரு சொல் வரவில்லை.

தண்டவாளத்தின் தடதட மட்டும் வருகிறது. பலகை, இடுப்பு, முதுகெலும்பு, தாடை என்று ஏறி வருகிறது. அந்த வழியை எந்த ரப்பரும் அடைக்காது.

*

கையில் மூன்று இயர்போன் செட். மூன்றும் மயிலத்து நண்பருடையவை. பள்ளி ஆசிரியர். சீட்டு எடுத்த பணத்தில் ஒன்று, மற்ற இரண்டும் செகண்ட் ஹேண்ட். "அவசரமே இல்ல, நிதானமா கேளுங்க சார்" என்று டப்பாவோடு கொடுத்தார்.

எட்டிமோட்டிக் இஆர்4எக்ஸ்ஆர். ஷூர் எஸ்இ846. சென்ஹைசர் ஐஇ900.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் 40 கிலோமீட்டர் சுமார். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம். ஒரு செட்டை ஒழுங்காகக் கேட்க அந்தத் தூரம் போதும். இரண்டு செட்டை மாற்றி மாற்றிக் கேட்டால் இரண்டாவது எப்போதும் நன்றாக இருக்கிறது. அது செட்டின் குணமா, மாற்றியதால் வந்த சந்தோஷமா, பிரிக்க முடியவில்லை.

*

எட்டிமோட்டிக். மூன்று வளைய ரப்பர். நுனி சிறிசு, அடி பெரிசு.

போடும் விதம்: இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வலது காதைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். துளை நிமிர்ந்து கொடுக்கும். வாய் திறந்திருக்க வேண்டும். ரப்பரை லேசாக ஈரமாக்கி, திருகித் திருகி உள்ளே. போதும் என்று தோன்றும் இடத்துக்கு மேலும் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தில் ஒரு இருமல் வருகிறது. வலது காதுக்கு மட்டும்.

காதுத் துளைத் தோலுக்கு வேகஸ் நரம்பின் கிளை ஒன்று போகிறது. ஆர்னால்டு நரம்பு என்று பெயர். தொண்டைக்குப் போவதும் வேகஸ்தான். சிலருக்குக் காதுக்குள் தொட்டால் இருமல்.

எதிர் சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

*

சரியாக உட்கார்ந்ததும் தெரியும். ஒரு சின்ன அழுத்தம், பிறகு உலகம் பின்வாங்குகிறது. பேஸ் அந்தக் கணத்தில் வந்து சேர்கிறது. அதற்கு முந்தைய நொடி வரை பாட்டு தகர டப்பா.

ஒரு முடி அளவு இடைவெளி போதும். பேஸ் அதன் வழியே போய்விடும்.

விலை எல்லாம் அதற்கப்புறம்.

*

இஆர்4 முதலில் வந்தது 1991இல். செய்தவர் மீட் கில்லியன். அமெரிக்காவின் இல்லினாய். அதற்கு முன் 20 வருடங்களுக்கும் மேல் நோல்ஸ் கம்பெனியில் இருந்தவர். நோல்ஸ் செய்தது காது மிஷினுக்குள் வைக்கும் குட்டி மைக், குட்டி ஸ்பீக்கர்.

அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்று பெயர். இரண்டு காந்தத்துக்கு நடுவே ஒரு மெல்லிய உலோக நாக்கு. சுற்றிலும் கம்பிச் சுருள். நாக்கு அசைகிறது, அதோடு கோத்த ஊசி மெல்லிய தகட்டை அசைக்கிறது.

எட்டிமோட்டிக்குக்குள் அப்படி ஒன்று. ஷூருக்குள் நான்கு.

*

பெரியப்பாவின் காது மிஷின் சட்டைப் பையில் இருக்கிறது. திண்டிவனத்து வீட்டில், ஈஸி சேரில், பையில் மிஷினோடு உட்கார்ந்திருக்கிறார்.

மல்லாட்டை உடைக்கிற மில்லில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பார். இப்போதும் வாயைப் பார்க்கிறார்.

"ஏன் பெரியப்பா போடல?"

"குத்துதுடா. அதுவும் இல்லாம நான் பேசறது எனக்கே கிணத்துக்குள்ள இருந்து கேக்குது."

*

காதை அடைத்தால் சொந்தக் குரல் பெருகும். தாடை எலும்பு வழியாக வரும் ஒலி துளைக்குள் மாட்டிக்கொள்கிறது. திறந்த காதில் அது வெளியே போய்விடும்.

இயர்போனோடு நடந்தால் ஒவ்வொரு அடியும் தலைக்குள் விழுகிறது. விழுப்புரம் ஜங்ஷன் படிக்கட்டில் ஏறிப் பார்த்தேன். பாட்டின் தாளம் ஒன்று, கால் தாளம் ஒன்று.

ஆழமாகப் போட்டால் இந்தத் தொல்லை குறைகிறது. துளையின் வெளியே மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ளே மூன்றில் இரண்டு பங்கு எலும்பு. எலும்புப் பகுதி வரை ரப்பர் போனால் அதிர்வதற்கு அங்கே அதிகம் இடமில்லை. எட்டிமோட்டிக்கில் குரல் பெருக்கம் குறைவு. அரைகுறையாகப் போட்டதில்தான் அதிகம்.

பாதி போடுவது முழுக்கப் போடுவதைவிடக் கஷ்டம் தருகிறது.

*

ஷூர் எஸ்இ846. 2013. நான்கு டிரைவர்.

அதன் பேஸுக்குத் தனி வழி வெட்டியிருக்கிறார்கள். பத்து எஃகுத் தகடுகளை அடுக்கி வெல்டிங் வைத்து, அதற்குள் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு பாதை. நீட்டினால் சுமார் 4 அங்குலம். பேஸ் மட்டும் அந்தச் சுரங்கத்தில் நடந்து வர வேண்டும். மேல் ஸ்தாயி எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும்.

இவ்வளவும் ஒரு காது மடல் குழிக்குள் அடங்குகிறது. எனக்கு இது பெரிய காரியமாகத் தெரிகிறது.

செட்டின் மூக்குக்குள் மாற்றிப் போடக் குட்டிக் குழாய்கள். நீலம், கறுப்பு, வெள்ளை. கறுப்பு போட்டால் இதம், வெள்ளை போட்டால் வெளிச்சம், நீலம் நடுவில். கழற்ற ஒரு சின்னச் சாவி. ஓடும் ரயிலில் கழற்றக் கூடாது. பேரணி தாண்டி வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. வெள்ளைக் குழாய் மடியில் விழுந்து வேட்டி மடிப்பில் ஒளிந்தது. அசையாமல் உட்கார்ந்து விரல் நுனியால் தேடி எடுத்தேன்.

அடுத்தவர் பொருள்.

*

சித்திரை வெயில். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு. சிலிக்கான் ரப்பர் வியர்வையில் மெதுவாக நழுவுகிறது. நழுவுவது தெரிவதில்லை. பாட்டில் பேஸ் மெலிவதுதான் தெரிகிறது. செட் கெட்டுவிட்டதோ என்று கேபிளைப் பார்க்கிறோம்.

தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் காதோரம் இறங்கும். ஃபோம் ரப்பர் அதைக் குடித்துக் கெட்டியாகிவிடுகிறது. பிறகு நசுக்கினால் திரும்ப விரிவதில்லை.

ஃபோமை விரலிடுக்கில் உருட்டி ஒல்லியாக்கி, காதில் வைத்து, விரிந்து முடிக்கும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விரியும்போது உள்ளே சன்னமாக ஒரு சத்தம் கேட்கும். எந்தப் பெட்டியிலும் அதைப் பற்றி எழுதக் காணோம்.

*

நான்குமுனை சந்திப்பு அருகே செல்போன் கடை. "இயர்போன் ரப்பர் இருக்கா தம்பி?"

"எந்த மாடல்ண்ணா?"

சொன்னேன். தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொட்டினான். எல்லா அளவும் கலந்து. வெள்ளை, கறுப்பு, இளஞ்சிவப்பு. "போட்டுப் பாத்து எடுத்துக்கங்கண்ணா."

லட்சம் ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய் ரப்பர். இடது காதுக்கு அதுதான் சரியாக இருந்தது. மெல்லிசு. உள்விட்டம் பெரிசு. உள்விட்டம் பெரிதானால் மேல் ஸ்தாயி கொஞ்சம் கூடும், சிறிதானால் கொஞ்சம் அடங்கும்.

வலதுக்குப் பழைய மீடியமே.

அவன் காதில் புளூடூத் ஒன்று இருந்தது. ஒரு காதில் மட்டும். இன்னொன்றைக் கேட்டேன். "சார்ஜுல இருக்குண்ணா. ஒண்ணு போட்டாதான் கஸ்டமர் பேசறது கேக்கும்."

*

வீட்டில் பெண்ணிடம் ஐஇ900-ஐக் கொடுத்தேன். கேபிள் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் போக வேண்டும். ஜிமிக்கி மாட்டல் அதே வழியில் போகிறது. இரண்டும் சிக்கிக்கொண்டன. மாட்டலைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

கண்ணாடிக் காம்பும் அதே இடத்தில்தான். என் காதுக்குப் பின்னால் காம்பு, கேபிள், முகக்கவசக் கயிறு மூன்றும் இருந்த காலம் உண்டு.

இந்தப் பொருட்களை வடிவமைத்தவர்கள் மேடைப் பாடகர்களை நினைத்துக்கொண்டார்கள். கேபிள் முகத்தில் ஆடக் கூடாது, முதுகுப் பக்கம் மறைய வேண்டும். 1995இல் ஜெரி ஹார்வி, வேன் ஹேலன் குழுவின் டிரம்மருக்காகச் செய்தது அப்படித்தான் தொடங்கியது. டிரம்மர் காதில் ஜிமிக்கி இல்லை.

*

ஐஇ900. 2021. ஒரே டிரைவர், 7 மில்லிமீட்டர். அலுமினியத்தைக் குடைந்து கூடு. கூட்டின் மூக்குப் பகுதிக்குள் மூன்று குட்டி அறைகள். வேண்டாத இடத்தில் எகிறும் ஒலியை அந்த அறைகள் விழுங்கிக்கொள்ளும்.

வெளியானபோது விலை 1,300 டாலர்.

காலையில் காதில் வைத்தால் உலோகம் சில்லென்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் காதின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் இருப்பதே தெரியவில்லை. மூன்றில் இதுதான் சிறிசு. ஒருக்களித்துப் படுத்தாலும் குத்தவில்லை.

பேஸ் அகலம். தரையில் விரித்துப் பரவுகிறது. ஷூரின் பேஸ் தடிப்பு, முன்னால் வந்து நிற்கிறது. எட்டிமோட்டிக்கின் பேஸ் ஒல்லி, ஆனால் எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

மூன்றையும் நான் சரி என்றே எழுதிவைக்கிறேன். இதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

*

‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பம், 1986. வி.எஸ். நரசிம்மனின் வயலின். எட்டிமோட்டிக்கில் வில் திசை மாறும் இடம் தெரிகிறது. ஒரு நூலிழை நிறுத்தம். ஐஇ900இல் அந்த நிறுத்தம் கூடத்தின் காற்றில் கரைந்துவிடுகிறது. கூடம் தெரிகிறது.

எது வேண்டும்? வில்லா, கூடமா? காலையில் வில். ராத்திரியில் கூடம்.

*

ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று ‘ப்ரியா’வுக்குப் பெயர். 1978. அந்தக் காலத்துப் பதிவுகளை இயர்போனில் கேட்டால் வாத்தியங்கள் இடம் பிரிந்து உட்கார்ந்திருக்கின்றன. இது இந்தக் காதில், அது அந்தக் காதில். நடுவில் குரல்.

புதுச்சேரி வண்டியில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு காது. ஒருத்தி தலையாட்டும் இடத்தில் இன்னொருத்தி ஆட்டவில்லை.

வளவனூர் வரை கவனித்தேன்.

*

செஞ்சிப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கூத்து. செல்போனில் பிடித்த பதிவு. முகவீணை, ஆர்மோனியம், மத்தளம், தாளம். மேலே குழாய் ஸ்பீக்கர்.

முகவீணையின் ஒலி மனிதக் காது அதிகம் கூசும் இடத்தில்தான் நிற்கிறது. காதுத் துளை சுமார் 25 மில்லிமீட்டர் நீளக் குழாய், ஒரு பக்கம் செவிப்பறை. அந்த நீளத்துக்கு 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே ஒலி பெருகும். வயல் தாண்டி, ஊர் தாண்டி முகவீணை கேட்பதில் குழாய் ஸ்பீக்கருக்கு மட்டும் பங்கில்லை.

இயர்போன் துளையை அடைத்ததும் அந்த இயற்கைப் பெருக்கம் போய்விடும். போனதை இயர்போன்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம்.

அந்தப் பதிவு ஐஇ900இல்: ஜெனரேட்டர். ஷூரில்: மத்தளத்தின் இடந்தலை. எட்டிமோட்டிக்கில்: முகவீணைக்காரர் மூச்சு வாங்குவது.

பக்கத்தில் நின்று கேட்டபோது இந்த மூன்றையும் நான் கவனித்ததாக நினைவில்லை. துரியோதனன் படுகளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

கூத்து முடிந்த மறுநாள் மதியம் வரை காதில் ‘ங்...’ என்று ஒரு கம்பி.

80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் 20 நிமிடம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மொத்த வாரத்துக்கும்.

கூத்து விடிய விடிய.

மில்லுக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட்.

*

விக்கிரவாண்டி மோட்டல். பஸ் நின்றதும் ஸ்பீக்கர் அடி. இயர்போனைக் கழற்றாமல் இறங்கினேன். எட்டிமோட்டிக் அடைப்பில் அந்த இரைச்சல் பக்கத்து ஊர்த் திருவிழா அளவுக்குச் சுருங்கிவிட்டது. பாட்டே போடாமல், வெறும் அடைப்பாகவே அதை வைத்துக்கொண்டு டீ குடித்தேன். டீ உறிஞ்சும் சத்தம் மட்டும் பிரமாண்டம்.

டீக்கடைப் பையனுக்கு அடைப்பு எதுவும் இல்லை. ஸ்பீக்கருக்கு நேர் கீழே நிற்கிறான். பகல் முழுக்க.

*

‘ச’ என்று எழுதியிருக்கும், ‘ஸ’ என்று பாடுவார்கள். சில செட்டில் அந்த இடம் ஊசி.

அளவெடுக்கும் எஃகுக் காது ஒன்று உண்டு. ஐஇசி 60318-4. பழைய பெயர் 711. கம்பெனிகள் காட்டும் கிராஃப் பெரும்பாலும் அதில் எடுத்தது. 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்முனை தெரியும். அது அந்த எஃகுத் துளையின் நீளத்தால் வருவது. என் துளையில் அந்த முனை வேறு இடத்தில். ரப்பர் ஆழமாகப் போனால் மேலே நகரும். வெளியே நின்றால் கீழே இறங்கி ‘ஸ’ மேல் உட்காரும்.

நண்பருக்குக் குத்தும் செட் எனக்குக் குத்தவில்லை. இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறோம்.

*

வறுத்த மல்லாட்டை தின்றுகொண்டு கேட்டேன். தாடை அசையும்போதெல்லாம் துளையின் வடிவம் மாறுகிறது. அடைப்பு விடுகிறது, பிடிக்கிறது. பேஸ் போகிறது, வருகிறது. சிரித்தாலும் அப்படித்தான்.

வலது காதில் விடுவதில்லை. இடதில் விடுகிறது.

*

2022இல் சென்ஹைசரின் இயர்போன், ஹெட்போன் வியாபாரம் சோனோவா கைக்குப் போனது. சுவிட்சர்லாந்துக் கம்பெனி. ஃபோனாக் காது மிஷின் அவர்களுடையது.

*

விழுப்புரத்தில் காது மிஷின் கடை. பெரியப்பாவைக் கூட்டிப் போனேன். காதில் வைக்கும் அச்சை மறுபடி எடுக்க.

கடைப் பெண் முதலில் விளக்கடித்துப் பார்த்தாள். குறும்பி எடுத்தாள். நூல் கட்டிய சின்னப் பஞ்சை உள்ளே தள்ளினாள். செவிப்பறையைக் காப்பாற்ற. பிறகு இரண்டு களிம்பைப் பிசைந்து, சிரிஞ்சில் அடைத்து, காது நிறைய விட்டாள். இளஞ்சிவப்பு. இறுகும்வரை காத்திருக்க வேண்டும்.

"ஐயா, வாயைத் திறந்து திறந்து மூடுங்க."

பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை. அவள் தன் வாயைத் திறந்து மூடிக் காட்டினாள். அவர் பார்த்துச் செய்தார்.

நூலைப் பிடித்து இழுத்ததும் காது முழுசாக வெளியே வந்தது. இரண்டு வளைவு. நுனியில் பஞ்சின் தடம்.

எனக்கும் எடுத்துக் காட்டச் சொன்னேன். எடுத்தாள். வலது அச்சு பருமன், கிட்டத்தட்ட நேர். இடது ஒல்லி, இரண்டாவது வளைவில் சட்டென்று திரும்புகிறது. இத்தனை வருஷம் இடது பக்கப் பாட்டு ஏன் மெலிவாகவே இருந்தது என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு எதுக்கு சார்? நல்லாத்தானே கேக்குது?"

பாட்டு கேட்க என்றேன். அச்சு எடுத்து அதே அளவுக்குக் கூடு செய்து தரும் கம்பெனிகள் இருக்கின்றன என்றேன். அவளுக்கு அது புதிது. இதே அச்சுதானா என்று கேட்டாள். இதே அச்சுதான்.

*

பழைய மிஷின் ஏன் விசிலடித்தது என்றும் சொன்னாள். அச்சு பொருந்தவில்லை. ஸ்பீக்கரில் இருந்து ஒலி ஓரமாகக் கசிந்து வெளியே வந்து, மைக்குக்குள் போய், மறுபடி பெருகுகிறது.

எனக்குப் பேஸ் போகிறது. அவருக்கு விசில்.

முனையில் இருந்த குறும்பி வடிகட்டியை மாற்றினாள். பொட்டளவு வெள்ளை வளையம். எட்டிமோட்டிக்கிலும் அப்படி ஒரு வடிகட்டி உண்டு. அடைத்துக்கொண்டால் மேல் ஸ்தாயி மங்கும். நண்பருடையதை இன்னும் மாற்றவில்லை. மாற்றிவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும். அதற்கு முன் எழுதிய எட்டிமோட்டிக் குறிப்பை எல்லாம் மறுபடி கேட்டுத் திருத்த வேண்டும்.

*

புது அச்சு வந்தது. பெரியப்பா காதில் வைத்து, மிஷினை மாட்டி, கடைப் பெண் ஒரு முறுக்கைக் கொடுத்தாள். மெல்லச் சொன்னாள். மென்றார். விசில் இல்லை.

"குத்துதா ஐயா?"

"குத்தல. ஆனா என் குரல் இன்னும் கிணத்துலதான் இருக்குது."

அச்சில் ஓட்டை போட வேண்டும் என்றாள். நெடுக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. சொந்தக் குரல் அதன் வழியே வெளியே போகும். ஓட்டை பெரிதானால் குரல் லேசாகும், விசில் திரும்ப வரும். சிறிதானால் விசில் வராது, கிணறு கொஞ்சம் இருக்கும்.

1 மில்லிமீட்டரா, 2 மில்லிமீட்டரா என்று அவரிடமே கேட்டாள்.

"சின்னதுல ஆரம்பி. பெருசு பண்ண எப்ப வேணா முடியும்."